அறிஞர் அல்பேட் கல்மெற்

பிறந்த குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. ஊசி ஏற்றப்படுவதை நம்மவர் யாவரும் அறிவர். அம்மூன்று எழுத்துக்களுள் நடுவெழுத்து அல்பேட் கல்மெற் என்னும் பிரெஞ்சு அறிஞரையும், ஈற்றெழுத்து அவர்தம் துணைவரான கமில் கேரன் என்னும் கால்நடை வைத்தியரையும் குறிப்பனவென்பதை அறிந்தார் சிலரே.

கல்மெற் 1863ஆம் ஆண்டில் நீஸ் நகரிற் பிறந்தார். கடற்படை வைத்தியராகிப் பல நாடுகளிற் பணிபுரிந்தபின், பஸ்ரர் நிலையத்திற் கிருமியியல் பயின்றார். 1891இல் வியற்நாமிலுள்ள சைகோன் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கு ஆய்வுநிலையமொன்றை நிறுவினார். நாகபாம்பின் நஞ்சை ஆங்கு ஆராயத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் அதற்கு மாற்று மருந்தொன்றை ஆக்கிப் புகழ்பெற்றார். 1895இல் வட பிரான்சின் லீல் நகரில் அமைந்த பஸ்ரர் நிலையத்துக்குத் தலைவரானார்.

லீல் ஆலைத்தொழில் மலிந்த நகர். தொழிலாளர் குடும்பங்கள் பல சயரோகத்தால் அழிந்துகொண்டிருந்தன. 1901இல் அவர்களுக்கென இலவச மருந்தகமொன்றை அவர் திறந்தார். எனினும் அவருள்ளத்தை ஒரு வினா வருத்திற்று. சயரோகக் கிருமியை றொபேட் கொக் 1882இலேயே கண்டறிந்தார். அக்கிருமி புகுந்த உடல்கள் யாவும் நோயுறுவதில்லையே! அதனை அடக்கிவைக்கும் ஆற்றல் உடலுக்கு எவ்வாறு வாய்க்கின்றது? கொடுமை நீங்கிய உயிர்க்கிருமியொன்றை முன்னரே உடலுக்கு அறிமுகஞ் செய்தால், பின்வருங் கொடிய கிருமியை உடல் எதிர்த்து நிற்குமென அவர் துணிந்தார்.

அதற்கு வழி எதிர்பாராது கிடைத்தது. மெழுகுத்தன்மையுடைய சயரோகக் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுவன. அவற்றைப் பிரித்தற்பொருட்டுக் கிளிசரின் ஊட்டிய உருளைக்கிழங்கில் மாட்டுப்பித்தத்தைச் சேர்த்து வளர்த்தபோது, அவற்றின் கொடுமை சிறிது சிறிதாகக் குறைவதை இருவரும் கண்டனர். 1908 தொடக்கம், மாட்டிடம் பெற்ற கிருமியொன்றை ஏறத்தாழ மூன்று வாரத்துக்கொருமுறை புது ஊட்டத்துக்கு மாற்றி வந்தனர். இவ்வாறு பதின்மூன்று ஆண்டுகள். இருநூற்று முப்பது முறைகள்! முதலாம் உலகப்போரில் லீல் நகரைச் சேர்மானியப் படை கைப்பற்றியது. கிழங்கும் பித்தமும் அரிதாயின. கல்மெற்றின் மனைவியாரும் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டார். ஆயினும் அப்பணி அறுபடவில்லை.

1921இல் பாரிசு நகரிற் குழந்தையொன்றுக்கு இம்மருந்து முதன்முதல் வாய்வழி ஊட்டப்பட்டது. சயரோகத்தால் தாயை இழந்த அக்குழந்தை நோயின்றி வளர்ந்தது.

1930இற் பேரிடர் விளைந்தது. சேர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்துண்ட ஏறத்தாழ இருநூற்றைம்பது குழந்தைகளுள் எழுபத்திருவர் மாண்டனர். உலகம் கல்மெற்றைப் பழித்தது. அந்நகர் ஆய்வுகூடத்தில் மருந்தொடு கொடிய கிருமி கலந்தமையே காரணமென விசாரணை நிறுவியது. 1932இல் நீதிமன்றமும் அதனை ஏற்றது. பழி நீங்கிய மறு ஆண்டே, 1933 ஒற்றோபரில், கல்மெற் காலமானார்.

அவர் எதனைச் செய்துமுடித்தாரென்பது அவர் மறைந்து நெடுங்காலஞ் சென்றபின்னரே தெளிவாயிற்று. அந்நீண்ட வளர்ப்பின்போது, உடலின் காவற்கலங்களைத் தாக்குதற்கு வேண்டிய பரம்பரை அலகுகள் சிலவற்றை அக்கிருமி இழந்துவிட்டதென 1990களிலும் அதன்பின்னரும் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. வளர்ந்தோரின் நுரையீரற் சயரோகத்தை இம்மருந்து உறுதியாகத் தடுப்பதில்லை. அக்குறையை மறைத்தல் தகாது. ஆயினும் மூளையுறையைத் தாக்குஞ் சயரோகத்தினின்றும் பச்சிளங் குழந்தைகளை அது பெரிதுங் காக்கின்றது.

பரீட்சைப் பெறுபேற்றுக்காக ஒரு திங்கள் காத்திருக்கவும் பொறுமையிழக்கும் நாம், பயன் கிட்டுமோ கிட்டாதோ என்றறியாது பதின்மூன்றாண்டு ஒரே பணியைச் செய்த இவ்விருவரையும் எண்ணிப் பார்த்தல் நன்று. அறிவு மின்னலெனத் தோன்றலாம். அது பிறர்க்குப் பயன்படுவது அயரா உழைப்பினாலேயாம்.