நம்ம லேப்ல ஒளிஞ்சிருக்கும் ஆலன் ப்ளம்லைன்

லேப்ல 741 ஐசி தொடாத இசிஇ மாணவர் யாரும் இருக்க மாட்டீங்க. அதோட உள்சர்க்யூட்டைப் பாருங்க, முதல் ஸ்டேஜே டிஃபரன்ஷியல் பேர்தான். அதோட மூதாதையை, டிரான்சிஸ்டர் பிறக்கிறதுக்கு முன்னாடியே, 1936-ல் வால்வை வச்சு பேட்டன்ட் பண்ணவர் ஆலன் ப்ளம்லைன்.

1903-ல் லண்டனில் பிறந்தார். சின்ன வயசுல வாசிப்பு ரொம்பத் தாமதமாத்தான் வந்தது. ஆனா சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினார். 1929-ல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்து ஈ.எம்.ஐ. ஆனது. அந்த 1931 டிசம்பரிலேயே ஸ்டீரியோவுக்கு பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்துல, இரண்டு சுவர்களில் இரண்டு சேனல்! ஸ்டீரியோ எல்.பி. கடைகளுக்கு வந்தது 1950-களின் கடைசியில்தான்.

அடுத்தது டெலிவிஷன். நீளமான கேபிள்ல சிக்னலோட நாய்ஸும் சேர்ந்து வருது, என்ன பண்ணலாம்? இரண்டு வால்வுகளின் கேதோடுகளைச் சேர்த்து, ஒரே பெரிய ரெசிஸ்டர் வழியா இறக்கினார். இரண்டு கிரிட்டுக்கும் ஒரே மாதிரி வர்ற நாய்ஸை அந்த ரெசிஸ்டர் அமுக்கிடும். வித்தியாசம் மட்டும் பெருகும். இதுதான் லாங் டெய்ல்டு பேர். ஒரு கிரிட்டை ஏசி கிரவுண்ட் பண்ணிட்டு இன்னொன்றில் சிக்னல் கொடுத்தா, எதிரெதிர் ஃபேஸ்ல இரண்டு அவுட்புட் கிடைக்கும். புஷ்-புல் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டியதே அதுதானே?

1937-ல் இன்னொரு யோசனை. ட்ரையோடு சுத்தமா வேலை செய்யும், பவர் கம்மி. பென்டோடு பவர் தரும், டிஸ்டார்ஷனும் தரும். ஸ்க்ரீன் கிரிட்டை சப்ளையில் கட்டினா பென்டோடு. ஆனோடில் கட்டினா ட்ரையோடு. அவர் இரண்டுக்கும் நடுவுல, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் ஒரு டேப்பில் கட்டினார். இரண்டு பக்கத்து நல்லதும் பெரும்பாலும் கைக்கு வந்தது. 1951-ல் அமெரிக்காவின் ஹாஃப்லரும் கெரோஸும் இதை அல்ட்ரா-லீனியர் என்ற பெயரில் பிரபலமாக்கினார்கள். 1950-களின் முல்லார்டு 5-20 ஆம்ப்ளிஃபையர் படத்தைத் தேடிப் பாருங்க. நடுவுல ஈசிசி83 வால்வில் அந்த ஜோடி, கடைசியில் இரண்டு இஎல்34, 43 சதவீத டேப். ஒரே படத்துல இவரோட இரண்டு யோசனைகள்.

அதைப் பார்க்க அவர் இல்லை. போர்க்காலத்தில் எச்2எஸ் ரேடார் வேலையில் இருந்தார். 1942 ஜூன் 7 அன்று அந்த ரேடாரின் சோதனைக்காகப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் அவரும் ஏறினார். இன்ஜின் ஒன்றில் ஒரு நட்டு சரியா முடுக்கப்படாததால் வால்வு தண்டு உடைந்து தீப்பிடித்தது. வெல்ஷ் பிக்னர் என்ற ஊரருகே விமானம் விழுந்தது. பதினொரு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயசு 38, பேட்டன்ட்டுகள் 128.

ரேடார் ரகசியம் என்பதால் அந்தச் சாவுச் செய்தியையும் வெளியே விடவில்லை. நாலு பேர் சேர்ந்து பேசி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் பேச முடியாமல் போனது. பெயர் மங்கியது, சர்க்யூட் மட்டும் நிலைச்சுது. அடுத்த தடவை சிஎம்ஆர்ஆர் டெரிவேஷன் போடும்போது, அந்த இரண்டு வால்வுக்கும் அடியில் நிற்கும் ஒற்றை ரெசிஸ்டரை ஒரு நிமிஷம் பாருங்க. அது அவர் வச்சது.