ஐஸ் ஹவுஸில் ஒரு துறவி

சுவாமி விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு ஜனவரியில் அநுராதபுரத்திலிருந்து வவுனியா, ஆனையிறவு வழியாக நம் வன்னிக் காட்டைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றதை நம் சங்கத்தார் அறிவர். பின் பாம்பனில் இறங்கிய அவர், பெப்ரவரி 6 ஆந் திகதி சென்னையை அடைந்தார். மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள மாளிகையொன்றுக்கு அவரைக் கொண்டு சேர்த்தனர். அங்கு அவர் தங்கியது ஏறக்குறைய ஒன்பது நாள். அதே இடத்திற் பத்தாண்டு வாழ்ந்தவர் அவருடைய குருசகோதரர், சசி மகராஜ் எனப்படும் சுவாமி இராமகிருஷ்ணானந்தர். இவரைப் பற்றியே எழுதப் புகுகின்றோம்.

அம்மாளிகையின் கதை விந்தையானது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து கப்பலேற்றி வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்க ரியூடர் கம்பனியார் 1842 இற் கட்டியது அது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயரும் அதனால் வந்ததே. நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் வியாபாரம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, சாளரங்கள் வைத்து வீடாக்கினார். அமெரிக்கப் பனிக்கட்டி வந்திறங்கிய இடத்திலே அமெரிக்காவை வென்று மீண்ட துறவி வந்திறங்கினார்!

சென்னை அன்பர்கள் தம்மோடு நிலைத்திருக்க ஒரு துறவியை வேண்டினர். விவேகானந்தர் தேர்ந்தெடுத்தது சசி மகராஜை. 1863 இல் வங்காளத்திற் பிறந்த இவர், ஏனைய சகோதரர்கள் தீர்த்த யாத்திரை சென்ற காலத்திலும் மடத்தை விட்டகலாது குருவின் பூசையைக் காத்தவர். எங்கும் போகாதவரையே மிகத் தூரம் அனுப்பினார் என்பது நமக்கு வியப்பாயிருக்கிறது.

1897 மார்ச்சிற் சென்னை வந்தவர், சிறிது காலத்தில் ஐஸ் ஹவுஸிற் குடியேறினார். தாமே சமைப்பார், தாமே பூசை செய்வார், பின் நகரின் பல பகுதிகளிலும் வகுப்பு நடத்திவிட்டுக் களைத்துத் திரும்புவார். நைவேத்தியத்திற்கே பொருளில்லாத நாள்களும் உண்டு. புழுக்கமான இரவுகளில் எழுந்து, குருதேவரின் படத்துக்கு விசிறி வீசுவாராம். பிறர் இதைப் பைத்தியம் எனலாம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. வாழும் ஒருவருக்கே அவர் தொண்டு செய்தார். வேதாந்தம் போதிக்க அத்தொண்டு அவருக்குத் தடையாகவுமில்லை.

1902 இற் பிலிகிரி ஐயங்கார் காலமானார். 1906 இல் வீடு ஏலத்துக்கு வந்தது. அன்பரொருவர் வாங்கிவிடுவார் என்று எல்லோரும் நம்பியிருந்தனர், அது நடக்கவில்லை. ஏலக்காரனின் குரல் உயர உயர அன்பர்கள் பதறினர். சுவாமிகளோ முற்றத்தில் ஒரு பழைய வாங்கில் அமைதியாக வீற்றிருந்தார். 2009 இற்குப் பின் எங்கள் ஊரில் வீடு என்ற சொல்லை எவரும் இலேசாகச் சொல்வதில்லை. ஆகவே அந்த அமைதியை விளங்கிக்கொள்ள எமக்கு நெடுநேரம் பிடித்தது. வீடு போயிற்று, மறுநாட் பூசை போகவில்லை. அதே வளவிலுள்ள புறவீடொன்றில் அது தொடர்ந்தது.

1907 நவம்பரில் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. ஓய்வறியாத உடலைக் காசநோய் பற்றியது. 1911 ஓகஸ்ட் 21 ஆந் திகதி கல்கத்தாவிற் சசி மகராஜ் மறைந்தார், வயது 48.

பிற்காலத்தில் அம்மாளிகையிற் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவையரைப் படிப்பித்தார். 1963 இல் அது விவேகானந்தர் இல்லமாயிற்று. 1997 இல் இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கே மீண்டது. அக்கம்பக்கத்துக்கோ இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர்.