துடைப்பக் கட்டையுடன் ஓடிய சைக்கிள்

1924-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி. இத்தாலியில் உள்ள மிலான் நகரம். நாட்டையே சுற்றி வரும் சைக்கிள் பந்தயம் அன்று தொடங்கியது. மொத்த தூரம் 3,613 கிலோமீட்டர். அதாவது 2,245 மைல்!

90 பேர் சைக்கிளுடன் வந்து நின்றார்கள். அவர்களில் 89 பேர் ஆண்கள். ஒருத்தி மட்டும் பெண். அவள் நம்பர் 72. பெயர் அல்போன்சினா ஸ்திராதா. வயது 33.

ஆண்களோடு மல்லுக்கு நின்ற இந்தப் பெண் யார்?

பன்றி பரிசு

மோதேனா நகருக்குப் பக்கத்தில், கஸ்தெல்பிராங்கோ எமிலியா என்ற ஊரில் 1891-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி அல்போன்சினா பிறந்தாள். ஏழைக் குடும்பம். கூலி வேலை செய்தால்தான் அடுப்பு எரியும். வீடு நிறையப் பிள்ளைகள்.

அவளுக்கு 10 வயது இருக்கும்போது தகப்பனார் ஒரு பழைய சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், சிறுமிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கொஞ்ச நாளில் சைக்கிள் விடப் பழகிக்கொண்டாள். காற்றாய்ப் பறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதாக வீட்டில் சொல்வாள். போவது என்னவோ பக்கத்து ஊர்ப் பந்தயத்துக்கு! 13 வயதில் ஒரு பந்தயத்தில் வெற்றி பெற்றாள். பரிசு என்ன தெரியுமா? உயிரோடு ஒரு பன்றி. ஏழை வீட்டுக்கு அது பெரிய சொத்துதான்.

ஊரார் சும்மா இருப்பார்களா? ஒரு பெண் பாவாடை பறக்க சைக்கிளில் போவதா என்று முகத்தைச் சுளித்தார்கள். பாவாடை கட்டிய பிசாசு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தாயாருக்கும் இது பிடிக்கவில்லை. பந்தயம்தான் வேண்டும் என்றால் கலியாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போகட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மகள் அப்படியே செய்தாள். 1915-ம் ஆண்டு லூயிஜி ஸ்திராதா என்பவரை மணந்தாள். மாப்பிள்ளை கொடுத்த கலியாணப் பரிசு என்ன? நகை அல்ல, பட்டு அல்ல. புத்தம் புதிய பந்தய சைக்கிள். இப்படி ஒரு கணவன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்!

ஆண்களோடு போட்டி

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வீரர்கள் பலர் போர்முனையில் இருந்ததால் பந்தயங்களுக்கு ஆள் குறைந்தது. 1917-ம் ஆண்டு லொம்பார்தியா பந்தயத்தில் அல்போன்சினா சேர்ந்தாள். பெண்கள் சேரக்கூடாது என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. முதலில் வந்தவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, கடைசியாக வந்தாள். பல ஆண்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை. மறு ஆண்டும் ஓட்டினாள். அந்த முறை 21-வது இடம். அவளுக்கும் பின்னால் ஓர் ஆண் வந்தான்!

விடுபட்ட ஒரு எழுத்து

1924-ல் பெரிய சைக்கிள் கம்பெனிகளுக்கும் பந்தயத்தை நடத்திய பத்திரிகைக்கும் பணத் தகராறு. கம்பெனி வீரர்கள் வரவில்லை. எனவே, எந்தக் கம்பெனியையும் சேராதவர்கள் தாமாகவே வரலாம் என்று பத்திரிகை அறிவித்தது. அல்போன்சினா மனுப் போட்டாள்.

வெளிவந்த பட்டியலில் அவள் பெயர் அல்போன்சின் என்று இருந்தது. கடைசி எழுத்தைக் காணோம். படித்தவர்கள் ஆண் என்றே நினைத்தார்கள். அச்சுப் பிழையா, தந்திரமா? தந்திரம் என்றுதான் தோன்றுகிறது. உண்மை தெரிந்ததும் அவளைப் பார்ப்பதற்கென்றே வழி நெடுகக் கூட்டம் கூடியது.

மொத்தம் 12 கட்டங்கள். பல கட்டங்கள் 250, 300 கிலோமீட்டர். வழியில் மண் ரோடுகள். டயர் வெடித்தால் அவரவரே மாட்டிக்கொள்ள வேண்டும். ஏழு கட்டங்களை அல்போன்சினா குறித்த நேரத்துக்குள் முடித்தாள்.

எட்டாவது கட்டம் லாக்குயிலாவிலிருந்து பெரூஜியாவுக்கு. 296 கிலோமீட்டர். மழை கொட்டியது. காற்று சுழற்றி அடித்தது. சேற்றில் வழுக்கி விழுந்தாள். எழுந்து பார்த்தால் சைக்கிளின் கைப்பிடி முறிந்து கிடந்தது! வேறு யாராவது என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அவள் ஒரு துடைப்பக் கட்டையை வாங்கி, ஒடிந்த இடத்தில் வைத்துக் கட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள். ஊர் போய்ச் சேர்ந்தபோது கெடு தாண்டிவிட்டது.

நடுவர்களுக்குள் வாக்குவாதம். விதிப்படி அவளை நீக்க வேண்டும். ஆனால் ஜனங்கள் கூடுவதே அவளைப் பார்க்கத்தானே! கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவள் தொடர்ந்து ஓட்டலாம், தங்கும் செலவைப் பத்திரிகை கொடுக்கும், ஆனால் கணக்கில் அவள் பெயர் சேராது. பரிசும் கிடையாது, இடமும் கிடையாது. அப்படியும் அவள் ஓட்டினாள்.

பொலோஞாவிலிருந்து பியூமே வரை 415 கிலோமீட்டர். 21 மணி நேரம் ஓட்டி, அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். ஜனங்கள் அவளைச் சைக்கிளிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டார்கள்.

ஜூன் 1-ந் தேதி மிலானில் பந்தயம் முடிந்தது. ஜூசெப்பே என்ரிச்சி முதலில் வந்தார். கணக்கில் வந்தவர்கள் 30 பேர். கணக்கில் வராத 31-வது ஆள் அல்போன்சினா. ரசிகர்கள் அவளுக்காக 50,000 லிரா வசூலித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பணம் அவளுக்குத் தேவைப்பட்டது. கலியாணத்துக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்த கணவன் அப்போது மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவனுடைய செலவையும் அவள்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவன் குணமாகி வீடு திரும்பவே இல்லை.

மறு ஆண்டு அவளைப் பந்தயத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஊர் ஊராகப் போய் சைக்கிள் வித்தை காட்டிப் பிழைத்தாள். 1950-ல் முன்னாள் சைக்கிள் வீரர் கார்லோ மெஸ்ஸோரியை மறுமணம் செய்துகொண்டாள். மிலானில் அவர்களுக்கு சைக்கிள் கடை இருந்தது. 1957-ல் அவரும் காலமானார். அவள் தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டாள்.

1959-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வரேசே பக்கம் ஒரு சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனாள். மாலையில் திரும்பி வந்தாள். கனமான அந்த வண்டியோடு மல்லுக்கட்டும்போது மாரடைப்பு வந்தது. வண்டியோடு சாய்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அப்போது அவளுக்கு வயது 68.