முதுகுத்தண்டின் ஆபத்தை உணர்ந்த மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி

அறுவை சிகிச்சை என்றதும் மேனாட்டாரின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்களை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்?

கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் குர்துபாவுக்கு அருகே நிர்மாணித்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரைச் சேர்ந்தவர்களாதலால் அன்னாருக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. கி.பி. 936ஐ ஒட்டிப் பிறந்தார்கள். அன்னாரின் குடும்ப வாழ்வு பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகச் சொற்பம். 1010ல் உள்நாட்டுக் கலகத்தில் அந்நகரே சூறையாடப்பட்டது.

அன்னாரை நமக்குக் காட்டுவது 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூலே. முப்பது பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுவதும் அறுவை சிகிச்சை. சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா ஜெரார்டு அப்பாகத்தை லத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள்.

ஆயினும் வியப்புக்குரியது கருவிகளன்று. கத்தியை எடுக்குமுன் அன்னார் கொண்ட அச்சமே. உடற்கூறு அறியாத ஒரு வைத்தியர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறப்போய் இரத்தக் குழாயை அறுத்துவிட்டார். அவள் அவர் கையிலேயே மாண்டாள். இதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தார்கள். தலையில் நீர் கோத்த ஒரு சிறுவன், தலை நாளுக்கு நாள் பெருத்து, உட்காரவும் இயலாமல் இறந்ததையும் பார்த்தார்கள். அந்நோய்க்குக் கத்தி வைக்காதிருப்பதே மேல் என்பது அன்னாரின் முடிவு.

கழுத்தெலும்பு முறிந்தவனின் கைகளை ஊசியால் குத்திப் பார்க்கச் சொன்னார்கள். உணர்வில்லையேல் அவன் தேறுவது அரிது. இடுப்புப் பக்கம் முறிந்தால் கால்கள் மரத்து, மலஜலம் தன்னையறியாமல் பிரியும் என்றார்கள். முதுகில் அறுவை முடிந்ததும் டாக்டர் இன்றும் காலை ஊசியால் தொட்டு, விரலை அசைக்கச் சொல்கிறார். அதே சோதனைதான்!

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து சுமார் 150 மில்லி லிட்டர் தெளிந்த நீர் இருக்கிறது. அதைப் பொதிந்த சவ்வு அறுவையின்போது கிழிந்தால் நீர் கசியும். எழுந்தால் கடுந்தலைவலி, படுத்தால் தணிவு, காயத்தில் தண்ணீர் போன்ற ஈரம் ஆகியன அடையாளங்கள். பெரும்பாலும் படுக்கையில் ஓய்வாலோ மறு தையலாலோ குணமாகும். அலட்சியம் செய்தால் கிருமி உள்ளே சென்று மூளைச்சவ்வைத் தாக்கலாம். தொடையிடுக்கு மரத்தல், சிறுநீர் அடைபடல், கால் வலுவிழத்தல் கண்டாலோ மறுநாளைக்குத் தள்ளக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இத்தகைய நோயாளியை டாக்டர் சில நாட்கள் படுத்தே இருக்கச் சொல்வதுண்டு. ருகூஉம் ஸஜ்தாவும் இல்லாமல் தொழுகையா என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. மூலநோய் கண்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டியிருக்க, நாம் ஏன் நோயாளியை வருத்துகிறோம்? ஷாஃபிஈகள் வலப்பக்கம் சாய்ந்து கிப்லாவை முன்னோக்குவர். ஹனஃபிகள் மல்லாந்து கால்களைக் கிப்லாவின் பக்கம் வைத்துத் தலையால் சைகை செய்வர்.

அஸ்ஸஹ்ராவி அவர்கள் 1013ஐ ஒட்டி வஃபாத்தானார்கள். குர்துபாவும் சூறையாடப்பட்ட ஆண்டு அது.