சுல்தானின் கூடாரத்தில் ஏழைத் துறவி

நமக்கு வாய் ஒன்று, செவிகளோ இரண்டு. பேசுவதை விடக் கேட்பதே மிகுதியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இறைவன் இவ்வாறு படைத்தார் என்று பெரியோர் கூறுவர். வள்ளுவப் பெருந்தகையும் கேள்விக்கென்றே தனி அதிகாரம் ஒன்றை வகுத்துள்ளார். ஆயினும், நம்மைப் போலவே எண்ணுபவர் பேசும்போது கேட்பது எளிது. வேறு நம்பிக்கை உடையவர் பேசத் தொடங்கினாலோ நம் செவிகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன! பகைவர் எனப்பட்டவரிடம் பேசச் சென்று, அவரைக் கேட்டும் திரும்பிய ஒரு மாமனிதரின் வரலாற்றை இங்கே காண்போம். அவரே அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு.

இத்தாலி நாட்டின் மலைச்சரிவில் அமைந்த அழகிய நகரம் அசிசி. அங்கே பேதுரு பெர்னார்தோன் என்னும் செல்வமிக்க துணி வணிகருக்கு மகனாக, 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கு பிறந்தார். விலையுயர்ந்த உடைகள், நண்பர் கூட்டம், ஆடல் பாடல் என இளமை இனிதே கழிந்தது. வீரனாகப் புகழ்பெற வேண்டும் என்பதே அவரது கனவு. ஆனால் 1202-இல் அண்டை நகரான பெரூஜியாவோடு நடந்த போரில் பிடிபட்டு, ஏறத்தாழ ஓராண்டு சிறையில் வாடினார். பின்னர் கடும் நோயும் வந்தது. போரின் புகழைத் தேடிச் சென்றவர் போரின் துன்பத்தைத் தம் உடலிலேயே அறிந்தார்.

அந்நாளில் தொழுநோயாளரைக் கண்டாலே மக்கள் ஒதுங்கிச் செல்வர். பிரான்சிஸ்கும் அவ்வாறே அருவருத்து விலகியவர்தாம். அந்த அருவருப்பை ஒருநாள் அவர் வென்றார். அவர்களிடையே சென்று பணிவிடை செய்தார். முன்பு கசப்பாக இருந்தது அதன்பின் தமக்கு இனிமையாக மாறியது என்று தம் இறுதிக் காலத்தில் அவரே எழுதி வைத்துள்ளார். அஞ்சி விலகிய மனிதரை நெருங்கிச் சென்று பார்க்கும் பாடத்தை அவர் முதன்முதலில் கற்றது அங்கேதான்.

தந்தையின் செல்வம் அனைத்தையும், உடுத்திய உடையையும்கூட, ஆயர் முன்னிலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏழ்மையை ஏற்றார். தோழர்கள் சேர்ந்தனர். 1209-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் அவர்களது வாழ்க்கை முறைக்கு இசைவு தந்தார்.

அக்காலம் சிலுவைப் போர்களின் காலம். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒருவரையொருவர் மனிதராகவே எண்ணாத காலம். இஸ்லாமியரிடம் சென்று நற்செய்தி கூற வேண்டும், அதற்காக உயிரையும் தர வேண்டும் என்று பிரான்சிஸ்கு ஏங்கினார். இருமுறை புறப்பட்டார். ஒருமுறை எதிர்க்காற்று கப்பலைத் திசை திருப்பியது. மறுமுறை ஸ்பெயின் நாட்டில் நோய் தடுத்தது. மூன்றாம் முறையாக 1219-இல் எகிப்து நாட்டை அடைந்தார்.

அங்கே நைல் நதி கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே உள்ள தமியெத்தா நகரைச் சிலுவைப் போர் வீரர்கள் முற்றுகையிட்டிருந்தனர். ஆகஸ்ட் 29-ஆம் நாள் அவர்கள் நடத்திய தாக்குதல் பெருந்தோல்வியில் முடிந்தது. எங்கும் பிணக்குவியல்! அந்தச் சூழலில், சகோதரர் இலுமினாத்து என்னும் ஒரே துணையுடன், ஆயுதம் ஏதுமின்றி, பிரான்சிஸ்கு பகைவர் பாசறையை நோக்கி நடந்தார். காவல் வீரர்கள் பிடித்து முரட்டுத்தனமாக நடத்தினர். இறுதியில் சுல்தான் மாலிக் அல் காமில் முன்னே கொண்டுபோய் நிறுத்தினர்.

அல் காமில் யார்? புகழ்பெற்ற சலாவுதீனின் தம்பி மகன், எகிப்தின் மன்னர். கந்தல் உடுத்திய அந்தத் துறவியின் தலையை வாங்க அவர் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. பிரான்சிஸ்கு பேசினார், சுல்தான் செவிசாய்த்தார். சில நாட்கள் அங்கேயே தங்க வைத்து, பின்னர் மதிப்போடும் பாதுகாப்போடும் திருப்பி அனுப்பினார். இதை அப்போது அப்பகுதியில் ஆயராக இருந்து, அந்தப் படையோடு வந்திருந்த ஜாக் தெ வித்ரி என்பவரே எழுதி வைத்திருக்கிறார்.

சுல்தான் கிறிஸ்தவராகவில்லை. பிரான்சிஸ்கு தம் நம்பிக்கையில் அணுவளவும் குறையவில்லை. போரும் நிற்கவில்லை. அப்படியானால் அச்சந்திப்பினால் விளைந்தது என்ன?

தோழியரே, இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். பிரான்சிஸ்கு திரும்பிய பின், 1221-இல் தம் சபைக்கு வகுத்த விதிகளில், இஸ்லாமியரிடையே செல்லும் சகோதரர்களுக்கு ஒரு வழி கூறினார். வாதமோ சச்சரவோ செய்யாமல், எல்லாருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் வாழ வேண்டும். இறைவனுக்கு விருப்பம் எனக் கண்டால் போதிக்க வேண்டும் என்பதே அது. மேலும், மாலைதோறும் அறிவிப்பாளர் குரலாலோ வேறு அடையாளத்தாலோ மக்களை இறைப்புகழ்ச்சிக்கு அழைக்க வேண்டுமென ஆட்சியாளர்களுக்குக் கடிதம் எழுதினார். எகிப்தில் கேட்ட தொழுகை அழைப்பே இந்த எண்ணத்தைத் தந்திருக்க வேண்டும் என அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆம்! பேசச் சென்றவர் கேட்டுவிட்டும் வந்தார்.

அதே 1221-இல் நைல் நதியின் வெள்ளத்தில் சிலுவைப் படை சிக்கித் தவித்தது. சரணடைந்த அப்படை பசியால் மடிந்துவிடாதபடி உணவளித்தவர் அதே அல் காமில்தான்!

பிரான்சிஸ்கு 1223-இல் கிரெச்சியோ என்னும் ஊரில் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்தார். 1224-இல் ஐந்து காய வரம் பெற்றார். 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலையில் இறைவனடி சேர்ந்தார். ஈராண்டுகளில் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பல சமயத் தலைவர்களை அமைதிக்காக இறைவேண்டல் செய்ய அழைத்தபோது, அவர் தேர்ந்தெடுத்த இடமும் அசிசி நகரே.

இவ்வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது எங்களுக்குச் சற்று நாணமாகவே இருந்தது. எங்கள் வகுப்பில் இந்துத் தோழியரும் இஸ்லாமியத் தோழியரும் உள்ளனர். நாங்கள் மறைக்கல்விக்குச் செல்லும்போது அவர்கள் நன்னெறி வகுப்புக்குச் செல்வர். ஒரே பெஞ்சில் அமர்கிறோம். ஒரே டிபன் டப்பாவில் உண்கிறோம். ரமலான் மாதத்தில் ஒரு தோழியின் வீட்டு நோன்புக் கஞ்சியை ஆண்டுதோறும் சுவைத்து மகிழ்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நோன்பு ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாயா என்று கேலி செய்ததுதான் உண்டு. அப்போதெல்லாம் அவள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள்.

அந்த வகுப்புக்குப் பின் ஒருநாள் உணவு இடைவேளையில் அவளருகே அமர்ந்து உண்மையாகவே கேட்டோம். அவளும் சொன்னாள். விடியுமுன் அம்மா எழுப்புவது, பகலில் பசிக்கும்போது பசித்தவரை நினைத்துக்கொள்வது, தன்னால் முழு மாதமும் இயலுமா என்று அஞ்சுவது எல்லாம் சொன்னாள். பின்பு எங்கள் தவக்காலத்தைப் பற்றிக் கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாதது ஏன் என்று அவள் கேட்டபோது, எங்களுள் பலருக்குத் தெளிவாக விடை சொல்லத் தெரியவில்லை! அன்று மாலை சிஸ்டரிடம் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவளைக் கேட்கப் போய் எங்கள் நம்பிக்கையையே இன்னும் நன்றாகக் கற்றோம்.

பிறர் நம்பிக்கைக்குச் செவிகொடுப்பதால் நம் நம்பிக்கை தேய்ந்து போவதில்லை. சுல்தானின் கூடாரத்திலிருந்து பிரான்சிஸ்கு குறைந்த கிறிஸ்தவராகத் திரும்பவில்லை. கடலும் போர்க்களமும் கடந்து செல்ல நமக்கு வேண்டியதில்லை. அடுத்த பெஞ்சு வரை சென்றால் போதும். கேலியை விட்டுக் கேட்கப் பழகுவோம். புனிதரின் வழியில் அமைதியின் கருவிகளாக வாழ்வோமாக!