செங்கல்லும் நன்கொடையும்: புக்கர் வாஷிங்டன் சரித்திரம்

கல்விச்சாலை நடத்தப் பொருள் வேண்டின், பிள்ளைகளைக் கொண்டு பண்டம் செய்வித்து விற்றல் நன்றோ, பிறரிடம் நன்கொடை கேட்டல் நன்றோ என்னும் வினா எல்லாத் தருமஸ்தாபனங்களுக்கும் உரியது. இவ்விரண்டையும் செய்து பார்த்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய வர்ஜீனியாவில், 1856-ஆம் ஆண்டில், அடிமைத் தாயொருத்தியின் வயிற்றிற் பிறந்தவர் புக்கர் வாஷிங்டன். 1865-இல் விடுதலை கிடைத்தபின் உப்பு காய்ச்சும் சாலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். 1872-இல் ஏறக்குறைய 500 மைல் தொலைவைக் கால்நடையாகவும் எதிர்ப்பட்ட வண்டிகளில் இடம் வேண்டியும் கடந்து, ஹாம்ப்டன் கல்விச்சாலையை அடைந்தார். அங்கே கட்டடங்களைத் துப்புரவு செய்து உணவுச் செலவை ஈடுகட்டிக் கற்றார்.

1881 ஜூலை 4-ஆம் நாள், அலபாமாவிலுள்ள டஸ்கீகியில், கறுப்பின மக்களுக்கான பள்ளியை 30 மாணாக்கருடன் தொடங்கினார். அரசாங்கம் ஆண்டுதோறும் அளித்த 2,000 டாலர் ஆசிரியர் சம்பளத்திற்கே உரியது, நிலத்திற்குக் காசில்லை. 500 டாலர் விலையுள்ள பழைய தோட்டமொன்றைக் கடன்பட்டு வாங்கினார். உடனாசிரியை ஒலிவியா டேவிட்ஸன் அம்மையார், வெள்ளையர் கறுப்பர் என்று பாராது வீடுவீடாகச் சென்று ரொட்டியும் கோழியும் நன்கொடையாகப் பெற்று, அவற்றை விருந்து விழாக்களில் விற்றுப் பணமாக்கினார். ஐந்து திங்களில் தோட்டத்தின் விலை முழுதும் சேர்ந்தது.

பின்னர் மாணாக்கரே செங்கல் அறுக்கத் தலைப்பட்டனர். மும்முறை சூளை வீணாயிற்று. நான்காம் முறைக்குக் காசின்றி, வாஷிங்டன் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். சூளை பலித்தது, கடிகாரம் மீளவில்லை. பள்ளியிடம் அன்பில்லாத வெள்ளையரும், கல் நன்றாயிருந்தமையால் தேடிவந்து வாங்கினர். பிள்ளைகளைப் படிக்க அனுப்பினோமேயன்றி உழைக்க அனுப்பவில்லையெனப் பெற்றோர் பலர் குறைகூறினர், அவர் தளரவில்லை.

ஆயினும் மாணாக்கர் உழைப்பின் வரவு மட்டும் போதவில்லை. வாஷிங்டன் தாமே வடபகுதி நகரங்களுக்குப் பலமுறை சென்று நன்கொடை கேட்டார். ஹண்டிங்டன் என்னும் ரயில்வே செல்வர் முதலில் தந்தது 2 டாலர்; பள்ளியின் பயனைக் கண்டபின் தந்தது 50,000 டாலர். 1903-இல் கார்னெகி 600,000 டாலர் அளித்தார். முதுமை எய்திய ஏழை அம்மையொருத்தி கொணர்ந்த ஆறு முட்டைகளையும் வாஷிங்டன் என்றும் மறந்தாரில்லை. 1915 நவம்பர் 14-ஆம் நாள் காலமானார்.

இச்சரித்திரத்தால் நாம் உணர்வது யாது? பிள்ளைகள் விற்கும் பண்டம் வாங்குவோர்க்கு வேண்டியதாயும், அதனைச் செய்வதால் பிள்ளைக்கு ஒரு தொழில் கைவருவதாயும் இருப்பின், அவ்விற்பனை கல்வியின் பாகமேயாம். இரக்கத்தின் பொருட்டு மட்டும் வாங்கப்படும் பண்டமோ பெயர் மாற்றிய யாசகம். அதனைச் சிறுவர் தலையிற் சுமத்தலாகாது. கேட்கும் பாரம் பெரியோருடையது. செய்த வேலையைக் காட்டிக் கேட்பது இழிவுமன்று. கல்வி நிதிக்காக நம் பிள்ளைகளைத் தெருவிற்கு அனுப்புமுன், அன்பர்காள், அவர்கள் கையில் இருப்பது செங்கல்லோ, திருவோடோ என்பதைச் சீர்தூக்கிப் பார்த்தல் நம் கடனாகும்.