அர்ராஸீ கேட்கத் தவறிய கேள்வி

கோவில்பட்டிக் கரிசல் பக்கத்தில் நம் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றதை வெட்கத்தால் மறைத்துவிடுகிறார்கள். கூடப் போகும் மாமியாரும் வாய் திறப்பதில்லை. இதைக் காணும்போது நமக்கு மருத்துவ மேதை அர்ராஸீயின் நினைவு வருகிறது.

ஹிஜ்ரி 251-ல் (கி.பி. 865) ஈரானின் ரய் நகரில் பிறந்த அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, அங்கும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்தார். அவருடைய தத்துவக் கருத்துகளை உலமாக்கள் மறுத்துள்ளனர். நாம் இங்கே பேசுவது அவருடைய வைத்தியத்தை மட்டுமே. நோயாளியை முதலில் மாணவர்கள் விசாரிப்பார்கள். அவர்களுக்குப் பிடிபடாவிட்டால் ராஸீ பேசுவார். மூளைக்காய்ச்சல் குறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்து, மறு சாராருக்கு எடுக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தவரும் அவரே.

அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருக்கு மாறி மாறிக் காய்ச்சல், சிறுநீரும் அடிக்கடி. முறைக்காய்ச்சலாகுமா, சிறுநீரகப் புண்ணா என்று ராஸீயால் துணிந்து சொல்ல முடியவில்லை. சீழ் வந்த பிறகே புண் என்பது உறுதியாயிற்று. எழுந்து நிற்கையில் இடுப்பில் பாரம் தொங்குவது போலிருக்கிறதா என்று நோயாளியும் சொல்லவில்லை, தாமும் கேட்கத் தவறினார் என்று ராஸீயே எழுதி வைத்தார். நோயாளியின் அத்தாவுக்குச் சிறுநீர்க் கோளாறு இருந்ததும் அவருக்கு முன்பு தெரியாது. அல்லாஹ்வின் அருளால் அந்த மனிதர் குணமடைந்தார். அத்தனை பெரிய ஹகீம் தம் குறையை மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

கடைசிக் காலத்தில் பார்வை இழந்து, ஹிஜ்ரி 313-ல் (கி.பி. 925) வஃபாத்தானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பிறர் தொகுத்ததே ‘அல்ஹாவீ’ என்னும் பெருநூல்.